கடல் மீன் குஞ்சுக்கும் மஸ்கெலியா ஓயாவுக்கும் என்னா சம்பந்தம்?

டிக்கோயா கார்த்தி
ஓயாக்கரைய சுத்தம் பண்ண ஆள் சேக்கலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் போட்டேன், ஒடனே ஒரு கோஷ்டி “கடல் எங்க இருக்கு நாம எங்க இருக்கோம், மைக்ரோ பிளாஸ்டிக்கெல்லாம் நீர்கொழும்புக்காரன் பாத்துக்குவான்”னு கெளம்பிருச்சு. அங்க பதில் எழுதினா அடிதடி ஆகும்னு இங்க போடுறேன். ஆமை மூக்குல ஸ்ட்ரோ மாட்டின வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு, ஐயோ பாவம் சொல்லியும் ஆச்சு, ஆனா அஞ்சு மில்லிமீற்றருக்கு கீழ ஒடஞ்சு தூளா போற மைக்ரோ பிளாஸ்டிக் இருக்கே, அது பெரிய மீன விட முட்டைலயும் அப்பதான் பொரிச்ச குஞ்சுலயும் தான் வேலைய காட்டுதுனு வாசிச்சேன். மஸ்கெலியா ஓயாங்கிற சின்ன ஆறு போய் சேர்ற களனி கங்கை, சிவனொளிபாதமலை பக்கம் பொறந்து 145 கிலோமீற்றர் ஓடி மட்டக்குளி கிட்ட கடல்ல விழுது. மகாவலி 335 கிலோமீற்றர், போய் சேர்றது திருகோணமலைல கொட்டியாரக்குடா. ரெண்டும் நம்ம மலைல இருந்து தான் எறங்குது. அப்ப இது நம்ம பிரச்சினையா இல்லியா? விசயம் தெரிஞ்சவங்க பேசுங்க, சும்மா ஸ்டிக்கர் போட வேணாம்.

நோர்வூட் சிவா
இல்ல.

நோர்வூட் சிவா
சரி காரணத்தையும் சொல்றேன். எதுக்கெடுத்தாலும் தோட்டத்து ஆளத்தான் புடிப்பீங்க. டிசம்பர் போயாவுல (பௌர்ணமி) இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு ஏறுற சனம் நல்லதண்ணி பக்கம் போட்டுட்டு போற போத்தல பாத்திருக்கீங்களா? 2018ல சட்டத்த திருத்தி பிரதேச சபை தோட்டத்துக்குள்ளயும் வேல செய்யலாம்னு ஆக்கினாங்க, எங்க டிவிசனுக்கு குப்ப எடுக்க ஒரு டிரக்டர் இன்னும் எட்டிப்பாக்கல. லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டுல இருக்கவன் எரிக்கணும், இல்லாட்டி தண்ணி ஓடுற கான்ல போடணும், வேற வழி சொல்லுங்க பாப்போம். பொறவு இன்னொன்னு, ஓயாவுல போறது நேரா கடலுக்கா போவுது? காசல்ரீ இருக்கு, மவுசாகல இருக்கு, கெனியன், நோட்டன், லக்சபான. மகாவலி பக்கம்னா மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே. இத்தன அணைய தாண்டி கார்த்தியோட தூள் திருகோணமலைக்கு போயிருமாம்.

புசல்லாவ டீச்சர்
சிவா தம்பி, அணை கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு தெரிஞ்ச ஆள் யாராவது வருவாங்க. நான் குஞ்சு கதைய மட்டும் சொல்றேன், ஏ.எல். பயோ பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்குறது தான்.

கடல் மீன்ல பெரும்பாலானது முட்டைய தண்ணில விட்டுட்டு போயிரும், காவல் கீவல் ஒன்னும் கெடையாது. பொரிச்சு வர்ற குஞ்சுக்கு வயித்துல மஞ்சக்கரு பை ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், அது தீர்ற வரைக்கும் தான் அதுக்கு சோறு. கொஞ்ச நாள்ல அது தீந்துரும், அதுக்குள்ள வாய் தெறந்து கண்ணு தெரிஞ்சு தானா எர புடிச்சாகணும், புடிக்கலன்னா செத்துரும், ஜாதகத்துல பாலாரிஷ்டம் சொல்வாங்களே அந்த கண்டம் இது தான். அந்த வாய்க்குள்ள போறது ஒரு மில்லிமீற்றர்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு சைஸ் எர தான், கோபிபோட்னு ஒரு மிதவை உயிரி இருக்கு, பெரும்பாலும் அதோட குட்டிங்க. இப்ப பிளாஸ்டிக் நாரும் துணுக்கும் அதே சைஸ்ல அதே எடத்துல மெதக்குது. அதே எடத்துலனு சொல்றது சும்மா இல்ல. ஹவாய்ல பாத்திருக்காங்க, 2019ல வந்த ஆராய்ச்சி. கடல் மேல எண்ண பூசினாப்ல வழவழனு பட்டை பட்டையா தெரியுமே, நீரோட்டம் சேந்து ஒதுக்குற எடம், அங்க தான் மீன் குஞ்சுங்க கூடுது, ஏன்னா எரயும் அங்க தான் ஒதுங்குது. அந்த பட்டை மொத்த பரப்புல 8 சதவீதம் தான், ஆனா மேல்தண்ணில இருக்க குஞ்சுல 42 சதவீதம் அங்க, மெதக்குற பிளாஸ்டிக்ல 92 சதவீதமும் அங்க. பக்கத்து தண்ணிய விட 126 மடங்கு பிளாஸ்டிக். ஒரு குஞ்சுக்கு ஏழு துண்டு பிளாஸ்டிக்னு கணக்கு. குஞ்சுங்கள வெட்டி பாத்ததுல நூத்துக்கு எட்டு ஒம்பதுக்கு வயித்துல பிளாஸ்டிக், வெளிய புடிச்சத விட ரெண்டு மடங்குக்கு மேல. பெரிய மீன் ஒரு துண்ட முழுங்கினா பின்னால போயிரும். வயிறே ஒரு நூல் அளவு இருக்க குஞ்சுக்கு ஒரு நார் போனா அன்னைக்கு சாப்பாட்டுக்கு எடம் இல்ல, அடுத்த நாள் நீந்த தெம்பு இல்ல.

கொத்மலை குமரன்
டீச்சர் சூப்பர். இதுக்கு மேல ஒன்னு சொல்றேன். 2016ல சயின்ஸ் ஜேர்னல்லயே வந்திச்சு, சுவீடன்ல பேர்ச் மீன் குஞ்சுங்கள வச்சு பாத்தாங்க, இயற்கை எரய பக்கத்துல வச்சாலும் பிளாஸ்டிக்க தான் தேடி போயி திங்குதாம். முட்டை பொரிக்கிறதும் கொறஞ்சு போச்சாம். இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும் சிவா?

ஊவா காத்து
குமரன் அண்ணே அந்த பேப்பர் செல்லாது. 2017ல சயின்ஸே வாபஸ் வாங்கிருச்சு. வெளிய வந்த ஒடனேயே அந்த ஆராய்ச்சி நெலயத்துல அப்ப இருந்த வேற விஞ்ஞானிங்க “இப்படி ஒரு பரிசோதன நடந்ததாவே எங்களுக்கு தெரியல”னு கெளம்பிட்டாங்க, டேட்டாவ கேட்டா லெப்டொப் களவு போச்சுன்னு பதில். உப்சாலா யூனிவர்சிட்டி விசாரிச்சு முறைகேடுனே தீர்ப்பு சொல்லிருச்சு.

கொத்மலை குமரன்
அப்ப யூடியூப்ல எல்லாம் இன்னும் அத தானே ஓட்டுறாங்க??

நோர்வூட் சிவா
ஹா ஹா ஹா. இழைய மூடலாமா?

ஊவா காத்து
மூட வேணாம் அண்ணே, ஒரு செங்கல் உக்கிப்போச்சுன்னா சுவரு முழுக்க உக்கல்னு இல்ல. கேம்பஸ்ல இத வச்சு ஒரு பிரசன்டேசன் பண்ணினதுனால கொஞ்சம் தேடி வாசிச்சேன், நின்னு பிடிக்கிறது எதுன்னு சொல்றேன்.

ஒன்னு கோபிபோட், டீச்சர் சொன்ன அதே ஆளு. 2015ல இங்கிலாந்துல 20 மைக்ரோன், அதாவது மில்லிமீற்றர்ல அம்பதுல ஒரு பங்கு சைஸ் பொலிஸ்டைரின் பிளாஸ்டிக் மணிய சாப்பாட்டோட கலந்து குடுத்தாங்க. ஒடனே சாகல. சாப்பாட்ட கொறச்சிருச்சு, முட்டை சின்னதா போச்சு, பொரிச்சது கொறஞ்சிருச்சு. அதாவது மீன் குஞ்சு பிளாஸ்டிக்க திங்கவே இல்லன்னு வச்சாலும் அது திங்க வேண்டிய எர கொறையும். அடுத்தது பிரான்ஸ்ல சிப்பி, 2016. முட்டை கட்டுற காலத்துல ரெண்டு மாசம் பிளாஸ்டிக் தூள் உள்ள தண்ணில வச்சாங்க. முட்டை 38 சதவீதம் கொறஞ்சுது, விந்தணு நீந்துற வேகம் 23 சதவீதம் கொறஞ்சுது, அந்த சிப்பிங்களோட லார்வா எண்ணிக்கை 41 சதவீதம் கொறவு. இதுல கவனிக்க வேண்டியது லார்வா மேல ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் படல. தாய்க்கு தான் குடுத்தாங்க. தாய் தன் ஒடம்ப பாத்துக்கவே சக்திய செலவழிச்சிருச்சு, பிள்ளைக்கு குடுக்க மிச்சம் இல்ல. எனக்கு இந்த ஒரு ஆராய்ச்சி தான் ரொம்ப நாளா மண்டைக்குள்ள நிக்கிது.

ஆனா ஒன்னு சொல்லிறணும். லெப்ல போடுற அளவு கடல்ல இருக்கத விட பெரும்பாலும் ரொம்ப கூட. அதோட லெப்ல போடுறது கடையில வாங்குற உருண்டை மணி, கடல்ல இருக்கது நார், கிழிஞ்ச துண்டு, வெயில்ல வெடிச்சு பாசி புடிச்சது. ரெண்டும் ஒன்னு இல்ல. சிவா அண்ணே இத புடிச்சுக்கிட்டு வருவாருன்னு தெரியும், நானே சொல்லிட்டேன்.

நோர்வூட் சிவா
புடிச்சுக்கிட்டு தான் வரேன். இன்னொரு கேள்வியும் இருக்கு. மீன் ஒன்னு லட்சக்கணக்குல முட்டை போடுது, பிளாஸ்டிக் இல்லாத காலத்துலயும் அதுல நூத்துக்கு தொண்ணுத்தொம்பதுக்கு மேல செத்துச்சு. அப்ப பிளாஸ்டிக்கால செத்தது எத்தன, பெரிய மீன் தின்னது எத்தன, பட்டினில போனது எத்தனன்னு யாரு எண்ணினா?

புசல்லாவ டீச்சர்
யாராலயும் எண்ண முடியாது தம்பி. பொணம் கெடைக்காத சாவு அது, நாலு மில்லிமீற்றர் குஞ்சு செத்தா கரை ஒதுங்காது. ஆனா உங்க கணக்க திருப்பி பாருங்க. ஆயிரத்துல பத்து தப்பிச்ச எடத்துல எட்டு தப்பிச்சா செத்தவன் கணக்குல வித்தியாசமே தெரியாது, 990க்கு 992. வளந்து வலையில விழுற மீன்ல அது அஞ்சுல ஒரு பங்கு நட்டம். இது சும்மா உதாரணத்துக்கு போட்ட நம்பர், யாரும் எடுத்துட்டு போயி ஃபேஸ்புக்ல போட்றாதீங்க. கடல் சூடாகுறது, மீன அளவுக்கு மேல புடிக்கிறது எல்லாம் இருக்க எடத்துல இதும் சேருது, தனியா பிரிக்கிறது கஷ்டம்.

வத்தளைல இருக்க மலைக்காரி
நான் பொறந்தது மஸ்கெலியா, கட்டிக்குடுத்தது வத்தளை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல நாங்க கண்ணால பாத்தோம். 2021 மே 20 நெருப்பு புடிச்சுது, ஜூன் 2 தாழ ஆரம்பிச்சுது, 1,486 கொண்டெய்னர். நைட்ரிக் அசிட்னு எல்லாரும் பயந்தாங்க, ஆனா இன்னிக்கு வரைக்கும் மணல்ல கெடக்குறது அந்த வெள்ள மணி தான், பிளாஸ்டிக் சாமான் செய்ய உருக்குற மூலப்பொருள், பருப்பு சைஸ் இருக்கும். கிட்டத்தட்ட 1,680 தொன். ஒலகத்துலயே இது தான் பெருசாம். சரக்குவ பக்கம் கடற்கரையே வெள்ளையா கெடந்துச்சு, கொரோனா லொக்டவுன் வேற, ஆமிக்காரங்க வெள்ள சூட் போட்டுக்கிட்டு வாரினாங்க, அடுத்த அலைக்கு மறுபடி வந்துரும். மீன வாங்க ஆள் இல்ல. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் போட்ட கரையில ஏத்தி வச்சுட்டு சும்மா ஒக்காந்திருந்தாரு. ஆமை செத்து செத்து ஒதுங்குனது டிவில எல்லாரும் பாத்திருப்பீங்க. போன வருசம் ஜூலைல உச்ச நீதிமன்றம் 100 கோடி டொலர் நட்டஈடுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, 2025ல. அதுல மீன் குஞ்சுக்கு எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

ஊவா காத்து
அக்கா நீங்க சொன்ன மணிய பத்தி ஒன்னு. பிரேசில்ல கடல் முள்ளெலி கருவ வச்சு பாத்தாங்க, 2015ல. புது மணி ஊறின தண்ணில வளந்த கருவுல பாதிக்கு மேல கோணல்மாணலா வளந்துச்சு. கடற்கரையில ரொம்ப நாள் கெடந்த பழைய மணில இந்த தாக்கம் கொறவு. அதாவது திங்கவே வேணாம், பிளாஸ்டிக்ல சேக்குற மருந்து தண்ணில கசியுது, அதுவே போதும். நம்ம கடல்ல கொட்டினது கப்பல்ல வந்த புது மணி, அதுல ஒரு பகுதி எரிஞ்சு வேற போச்சு.

பண்டாரவளை சுதா
ஆமை முட்டை பத்தியும் சொல்லுங்களேன். ரெக்கவ, கொஸ்கொட எல்லாம் ஸ்கூல் ட்ரிப்ல கூட்டிட்டு போறாங்களே. மணல்ல பிளாஸ்டிக் இருந்தா குஞ்செல்லாம் பொட்டையா பொறக்கும்னு சொல்றது உண்மையா?

புசல்லாவ டீச்சர்
சுதா, ஆமைக்கு ஆணா பெண்ணாங்கிறத முடிவு பண்றது முட்டை கெடக்குற மணலோட சூடு. சுமார் 29 டிகிரி நடுக்கோடு, அதுக்கு மேல போனா பெண், கீழ போனா ஆண். ஒலகத்துல ஏழு வகை கடலாமை, அதுல அஞ்சு நம்ம நாட்டுக்கு வந்து முட்டை போடுது. இப்ப பிளாஸ்டிக் கலந்த மணல் சூடாகுமா ஆறுமாங்கிறதுல தான் சண்டை. ஹவாய்ல 2011ல பாத்தவங்க அது மெதுவா தான் சூடாகுது, தண்ணி சீக்கிரம் வடியுதுனு சொன்னாங்க. புளோரிடால பின்னால பாத்தவங்க கறுப்பு தூள நெறைய கலந்தா அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல ஏறுதுனு சொன்னாங்க, ஆனா அவங்க கலந்தது மணல்ல 30 சதவீதம் வரைக்கும், அவ்வளவு எந்த கடற்கரைல இருக்கு? அதுனால பொட்டையா பொறக்கும்னு அடிச்சு சொல்றவங்கள நம்பாதீங்க. எனக்கு முட்டைய விட கவல, குஞ்சு கடல்ல எறங்கின பிறகு. அதுங்க சில வருசம் நீரோட்டத்தோட மெதந்து தான் வளருதுங்க, ஹவாய் கதைல சொன்ன அதே மாதிரி ஒதுங்குற எடத்துல, மேல மெதக்குறத பாகுபாடு இல்லாம திங்கும்.

லக்சபான தாத்தா
அணைய பத்தி கேட்டீங்களே. நான் அங்க வேல செஞ்சு பென்சன் எடுத்தவன். சிவா சொல்றதுல பாதி சரி. தண்ணி நின்னா மண்ணு அடங்கும், மண்ணோட சேந்து கனமான பிளாஸ்டிக்கும் அடங்கும். பொலித்தீன், பொலிப்ரொப்பிலீன் ரெண்டும் தண்ணிய விட லேசு, மெதக்கும், பாசி புடிச்சா தான் தாழும். நைசான தூளு டனல் வழியா டர்பைனுக்கு போற தண்ணியோடயும் போவும், மழைக்கு வான்கதவ தெறந்தா மேலயும் போவும். 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளம் வந்தப்ப எந்த அணை எத நிப்பாட்டுச்சு? வெள்ளம் வடிஞ்ச பிறகு ஓயா ரெண்டு பக்கமும் மரத்து கெளையில தொங்கினத பாத்தீங்க தானே. மவுசாகல தண்ணி எறங்குனா பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியும், சனம் போட்டோ எடுக்க போகும், அங்க சேத்துல கால வச்சு பாத்தா தெரியும் என்னா அடங்கி கெடக்குதுனு. வெயில்ல அது ஒடஞ்சுக்கிட்டே இருக்கும்.

இன்னொரு சங்கதி. விலாங்கு தெரியுமா உங்களுக்கு? சின்ன வயசுல ஓயாவுல கல்லுக்கடியில புடிப்போம். அந்த விலாங்கு பொறக்குறது இங்க இல்ல, ஆழக்கடல்ல. கண்ணாடி எலையாட்டம் தட்டையா ஒரு குஞ்சு, கடல்ல மேல இருந்து செத்த உயிரிங்களோட தூளும் சளியும் சேந்து சேந்து கீழ எறங்கும், அத தின்னு வளந்து, ஆத்து வாய்ல வந்து நுழைஞ்சு, எதிர் தண்ணில ஏறி மலைக்கு வரும். பெருசாகி முட்டை போட மறுபடி கடலுக்கு எறங்கும். காசல்ரீ 1965, மவுசாகல 1969, கட்டின பிறகு ஏறி வர்ற வழி அடைச்சு போச்சு. அணை பிளாஸ்டிக்க முழுசா நிப்பாட்டல, விலாங்க நிப்பாட்டிருச்சு. அந்த சளித்தூள்ல இப்ப மைக்ரோ பிளாஸ்டிக்கும் சேந்து தான் எறங்குதுனு பேத்தி சொல்றா. கடல் எங்க நாம எங்கன்னு கேட்டவனுக்கு சொல்லுங்க.

டிக்கோயா கார்த்தி
தாத்தா இத அப்படியே குரூப்ல போடட்டா??

லக்சபான தாத்தா
போடு. பேர போடாத.

கொழுந்து ராணி
எல்லாம் படிச்சவங்க பேசுறீங்க, நான் மலையில வேல செய்றவ. இடுப்புல கட்டுற படங்கு பிளாஸ்டிக், மழைக்கு தலைல போடுறது பொலித்தீன், கொழுந்து போடுற சாக்கு நைலோன், ஒரம் வர்றதும் சாக்குல. நர்சரில தேயிலக்கன்னு பூரா கறுப்பு பொலித்தீன் பையில, நடுறப்ப பைய கிழிச்சு போட்டுட்டு அடுத்த குழிக்கு போவோம், பேர் முடிக்கணும்ல, ஒரு நாள் கூலிக்கு உள்ள வேலக் கணக்கு அது. அந்த பை எத்தன ஆயிரம் அந்த மலையில மக்கி கெடக்குதுனு எந்த தொரை எண்ணினாரு. மக்காது, நொறுங்கும். மழ பெஞ்சா கான்ல எறங்கும், கான்ல இருந்து ஓயா. இதுல நாங்க சோத்த சுத்துன லஞ்ச் சீட்ட மட்டும் எல்லாரும் பாக்குறீங்க.

நோர்வூட் சிவா
அக்கா சொன்னதுக்கு நான் கைய தட்டுறேன். இதத்தான் நான் மொதல்ல இருந்து சொல்றேன்.

கொத்மலை குமரன்
தேயிலைன்னதும் ஞாபகம். கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டி 2019ல பிளாஸ்டிக் டீ பேக்க 95 டிகிரி தண்ணில போட்டு பாத்துச்சு, ஒரு பேக்ல 1,160 கோடி மைக்ரோ துண்டு. அந்த தண்ணிய தண்ணித்தெள்ளுனு ஒரு குட்டி உயிருக்கு குடுத்தா ஒடம்பு வளர்ச்சியும் நீந்துறதும் மாறிருச்சாம். காத்து தம்பி, இதும் வாபஸா?

ஊவா காத்து
வாபஸ் இல்ல, ஆனா ஜெர்மனிக்காரங்க திரும்ப பாத்துட்டு எண்ணிக்கை ரொம்ப கூடிப்போச்சு, அதுல நெறைய துண்டு பிளாஸ்டிக்கே இல்ல, தண்ணி காயிறப்ப படிஞ்ச வேற பொருள்னு சொன்னாங்க. மெக்கில்காரங்க பாத்தது நைலோன், பெட் (PET) பிளாஸ்டிக்ல செஞ்ச பேக். சாதா கடதாசி பேக்லயும் ஒட்டுறதுக்கு பொலிப்ரொப்பிலீன் நார் கலக்குறது உண்டு.

பண்டாரவளை சுதா
நம்ம வீட்டுல யாரு டீ பேக் போடுறா, டஸ்ட் தான். பேக் எல்லாம் வெள்ளக்காரனுக்கு.

டிக்கோயா கார்த்தி
தடை எல்லாம் பேருக்கா? 2017ல லஞ்ச் சீட், 2021 மார்ச் கடைசில 20 மில்லிலீற்றருக்கு கீழ உள்ள சஷே, 2023ல ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்ப தட்டு, பூமால வரைக்கும். சாப்பாடும் மருந்தும் சஷேல வரலாம்னு வெலக்கு. நான் கடைக்கு போனா எல்லாமே தொங்குது. ஒலக அளவுலயும் ஜெனிவால 2025 ஓகஸ்ட்ல பேசி பேசி ஒப்பந்தம் இல்லாமயே கலஞ்சிட்டாங்க.

நோர்வூட் சிவா
ஒப்பந்தம் கெடக்கட்டும். ராணி அக்கா சொன்ன நர்சரி பைய திரும்ப எண்ணி வாங்க சொல்லி தோட்டத் தலைவர்கிட்ட பேசினா நான் வரேன். நூறு கன்னு குடுத்தா நூறு பை திரும்ப வரணும். பேர் கணக்குல அந்த நேரத்தையும் சேக்கணும், அதுக்கு ஒத்துக்கலன்னா நடக்காது. ஓயா சுத்தம் பண்ண மட்டும் கூப்புட்டா வர மாட்டேன், மேல கொட்டிக்கிட்டே இருக்கப்ப கீழ வாரி என்னா புண்ணியம்.

கொழுந்து ராணி
பேர்ல சேத்தா பொம்பளைங்க கட்டாயம் கொண்டு வருவாங்க தம்பி. சாக்குல போட்டு கட்டிட்டா போதும்.

டிக்கோயா கார்த்தி
ஞாயித்துக்கெழம தலைவர் வீட்டுக்கு போவோம் சிவா அண்ணே. ராணி அக்காவும் வரணும்.

பண்டாரவளை சுதா
கடைசியா ஒரு கேள்வி, திட்டாதீங்க. நெத்தலி கருவாட முழுசா தானே திங்கிறோம், கொடலோட. அப்ப அந்த தூளெல்லாம் நமக்கு தானா?

புசல்லாவ டீச்சர்
மீன்ல பெரும்பாலும் அது இருக்கது கொடல்ல தான். பெரிய மீன்னா கொடல எடுத்துட்டு தான் ஆக்குறோம், நெத்தலில தான் அப்படியே போவுது. தலையோட சேத்து வயித்தையும் கிள்ளி எறிஞ்சுட்டு கழுவி ஆக்குங்க.

லக்சபான தாத்தா
தலையையும் கிள்ளிட்டா நெத்தலில என்னாம்மா இருக்கு?